நீந்துவது யார்? தோண்டுவது யார்?

தூத்துக்குடியில் கொத்து வேலை செய்யும் தோழர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் நம்மைத் தேடி வந்தார். கையில் நாலாக மடித்த ஒரு காகிதம். அதைப் பிரித்து மேஜை மீது வைத்தார். ஒரு வீட்டின் கொல்லைப்புறத்துக்குப் போட்ட பிளான் அது. நீளம் 25 அடி, அகலம் 12 அடி, ஆழம் ஒரு முனையில் நாலடி, மறு முனையில் ஆறடி.

"நீச்சல் குளமாம், தோழர். ஐந்தாறு ஆள் வைத்துத் தோண்டிக் கட்டித் தர வேண்டுமாம். வேலையை எடுக்கலாமா, வேண்டாமா? எடுத்தால், 'பணக்காரன் விளையாடக் குழி வெட்டப் போறியா' என்று நம் ஆட்களே கேலி பேசுகிறார்கள். எடுக்காவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது" என்றார்.

நாம் தயங்காமல் பதில் சொன்னோம்: "எடுங்கள். கூலியைக் குறைக்காமல் கேளுங்கள். அச்சாரம் கையில் வாங்கிக்கொண்டு கடப்பாரையைத் தொடுங்கள்." தான் குடியிருக்கப் போகும் வீட்டைத்தான் கட்டுவேன் என்று கொத்தனார் சொல்ல ஆரம்பித்தால் இந்த நாட்டில் ஒரு சுவர் எழும்பாது. ஆனால் அவர் போன பிறகும் அந்தக் காகிதம் நம் மனத்தை விட்டுப் போகவில்லை. கேலி பேசியவர்களின் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. அதைத் தப்பான ஆளிடம் கேட்டார்கள், அவ்வளவுதான். ஆகவே இந்தக் கொல்லைக் குளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசுவோம்.

முதலில் குழி

25க்கு 12 என்றால் தோண்டுவது அத்தோடு நிற்காது. சுவர்க் கனம், அடித்தளக் கனம் எல்லாம் சேர்த்து 2,400 கன அடிக்குக் குறையாமல் மண் வெளியே வந்தாக வேண்டும். எந்திரம் நுழைய வழியிருந்தால் ஒரு நாள் வேலை. வீட்டுச் சந்து குறுகலாக இருந்தால் மண்வெட்டியும் கூடையும் சித்தாளின் தலையும்தான்.

இந்தக் கடற்கரை மண்ணின் சுபாவம் வாசகர்களுக்குத் தெரியும். கடலை ஒட்டிய இடங்களில் ஐந்தடி, ஆறடியிலேயே உப்பு நீர் ஊறத் தொடங்கிவிடும். ஒரு மோட்டார் இறைத்துக்கொண்டே இருக்க, மறுபக்கம் வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஈர மணல் சொல்லிக்கொண்டு சரிவதில்லை. ஐந்தடிக்கு மேல் ஆழம் போனால் பக்கங்களைச் சாய்வாக வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் பலகை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். இது கிணறு வெட்டிய நம் பாட்டன்மார் படித்த பாடம். ஆனால் செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் முதலில் வெட்டு விழுவது இந்த முட்டுப் பலகைக்குத்தான். "ரெண்டு நாள் வேலை, இதுக்கு எதுக்கு முட்டு?" என்பார்கள். மார்பு வரை மணலில் புதைந்தவன் தலை வெளியே இருந்தும் மூச்சுவிட முடியாமல் சாவான் என்பது அப்படிச் சொல்பவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் குழிக்குள் இறங்குவது அவர்களல்ல.

குழி ஆனதும் சல்லி பரப்பிக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட வேண்டும். அடியும் சுவரும் எட்டங்குலக் கனம் என்று வைத்துக்கொண்டால் 100 மூட்டைக்குக் குறையாத சிமெண்ட் பிடிக்கும். பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால், பழையதும் புதியதும் சேரும் இடத்தில் கசியும். ஆகவே அடித்தளம் போடத் தொடங்கினால் விளக்குப் போட்டாவது முடித்தாக வேண்டும். அந்த ராத்திரி வேலைக்குத் தனிக் கூலி உண்டா என்பதை முன்பே பேசிக்கொள்ளாத கொத்தனார் பிறகு வருந்துவார்.

இதில் நம்மைச் சிந்திக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. கான்கிரீட்டுக்கு உப்புத் தண்ணீர் ஆகாது. கம்பி போட்ட கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர விதி. உப்பு ஏறினால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதும். ஊதினால் கான்கிரீட் வெடிக்கும். சரி, நியாயம்தான். நல்ல தண்ணீர் வாங்கித்தான் கலக்க வேண்டும். ஆனால் எத்தனையோ தெருக்களில் உப்புத் தண்ணீரில் துணி துவைத்து, உப்புத் தண்ணீரில் குழந்தையைக் குளிப்பாட்டுகிறார்கள். கம்பிக்கு விதி இருக்கிறது. அந்தக் குழந்தையின் தோலுக்கு எந்த விதி இருக்கிறது?

மணல் சங்கதியும் இப்படித்தான். தாமிரபரணியில் எந்திரம் வைத்து மணல் அள்ளிய கொடுமையை இந்த ஜில்லா மறக்கவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த தோழர் ஆர். நல்லகண்ணு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குப் போட்டு, தாமே வாதாடி, 2010-இல் ஐந்தாண்டுகளுக்கு மணல் அள்ளத் தடை வாங்கினார். இப்போது கல்லை உடைத்த எம்-சாண்ட் வந்துவிட்டது. ஆனால் அள்ளிய இடத்தில் விழுந்த பள்ளம் தானாக மூடிக்கொள்ளுமா? வீட்டுக்குள்ளே ஒரு குளம் எழும்பியபோது ஆற்றுக்குள்ளே ஒரு மடு உண்டாயிற்று. கோடை லீவில் குளிக்கப் போகும் கூலிக்காரன் பிள்ளை அந்த மடுவில்தான் இறங்குகிறான்.

இன்னொரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். தோணி கட்டிக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் ஓட்டிய ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று விளங்கும். காலியாக இருக்கும் நீச்சல் குளம் மிதக்கும்! மேலே சொன்ன அளவுள்ள தொட்டியின் எடை சுமார் 30 டன். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறிவிட்டால், கீழிருந்து அதைத் தூக்கும் விசை 50 டன்னைத் தாண்டும். கார்த்திகை மழையில் சுத்தம் செய்கிறேன் என்று எவராவது தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டால், தொட்டி தோணியைப் போல மேலே எழும்பிச் சுவர் பிளந்துவிடும். இதைத் தடுக்க அடியில் சல்லி வடிகாலும், வெளி நீர் உள்ளே வர ஒரு வால்வும் வைக்க வேண்டும். மழை மாதங்களில் தொட்டியைக் காலி செய்யவும் கூடாது. தெரியாமல் கட்டிவிட்டு மறுவருஷம் பிளந்தால் பழி யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டுமா?

பூச்சு, டைல்ஸ், மோட்டார், மணல் வடிகட்டி, குளோரின் இவற்றையெல்லாம் விவரிக்க இடமில்லை. ஒன்று மட்டும். அடியில் தண்ணீரை உறிஞ்சும் வாய் ஒன்றே ஒன்றாக இருந்தால், அது குழந்தையின் தலைமுடியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இரண்டு வாய் வைத்து, வளைந்த மூடி பொருத்த வேண்டும். சுற்றிலும் நாலடிக்கு மேல் வேலியும் தானே சாத்திக்கொள்ளும் கதவும் வேண்டும். "எங்கள் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியும், வேலி எதற்கு?" என்று வீட்டுக்காரர் சொன்னால், பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவின் கைக்குழந்தைக்கு நீச்சல் தெரியாது என்று சொல்லுங்கள்.

சட்டத்தின் சல்லடை

மண் சரிந்து ஓர் ஆள் போய்விட்டால் என்ன ஆகும்? கட்டுமானத் தொழிலாளர்களுக்கென 1996-இல் மத்திய சட்டம் ஒன்று வந்தது. அதில் ஒரு விலக்கு: ஒருவர் தம் சொந்தக் குடியிருப்புக்காகச் செய்யும் வேலை 10 லட்ச ரூபாய்க்கு உட்பட்டதானால் அந்தச் சட்டம் அவரைத் தொடாது. பத்துப் பேருக்குக் குறைவாக ஆள் வைத்தாலும் தொடாது. சரி, காலம் மாறியதும் திருத்துவார்கள் என்று நினைத்தால், திருத்தினார்கள்! 2020-இல் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்ததாக அறிவித்த புதிய தொகுப்புச் சட்டத்தில் அந்த 10 லட்சத்தை 50 லட்சமாக உயர்த்திவிட்டார்கள். பத்து ஆள் என்ற வரம்பும் அப்படியே நிற்கிறது.

கொல்லையில் குளம் கட்டும் வேலை எத்தனை ஆளுக்கு? ஐந்தாறு ஆளுக்கு. எங்கே நடக்கிறது? சொந்த வீட்டில். ஆக, ஏழடிக் குழிக்குள் நிற்கும் நம் தோழர் சல்லடைக் கண் வழியே விழுந்துவிடுகிறார். பெரிய கம்பெனியின் அடுக்குமாடி வேலையில் இருப்பவனுக்கு உள்ள காகிதப் பாதுகாப்புகூட இவருக்கு இல்லை. தமிழ்நாட்டில் 1994 முதல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. அதில் பெயர் பதிந்து வைத்திருப்பதும், புதுப்பிக்கத் தவறாமல் இருப்பதும் உயிரோடு சேர்ந்த காரியம். நம் தோழர் கூட்டிப் போன ஐந்து பேரில் மூவர் பதியவேயில்லை. அதில் ஒருவர் பெண். "எனக்கு எதுக்குண்ணே கார்டு, நான் சித்தாள்தானே" என்றாராம். தோழர்களே, வாரியத்துக்கு அந்த வித்தியாசம் கிடையாது. நாம்தான் அதை நம் பெண்களுக்குச் சொல்லாமல் இருந்துவிட்டோம்.

42,500 லிட்டர்

இனித் தண்ணீருக்கு வருவோம். மேற்படி குளம் நிரம்ப 1,500 கன அடி, அதாவது சுமார் 42,500 லிட்டர் தண்ணீர் வேண்டும். குடம் 15 லிட்டர் என்று கொண்டால் 2,800 குடத்துக்கு மேல். குடம் ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 14,000 ரூபாய். கிராமத்து வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் தருவதாக 2019-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய திட்டத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்தார்கள். அந்தக் கணக்கில் இந்த ஒரு குளம் 770 பேரின் ஒரு நாள் தண்ணீர்.

"ஒரு தடவை நிரப்பினால் போதுமே, வடிகட்டி வடிகட்டி அதே தண்ணீரைத்தானே வைத்துக்கொள்கிறார்கள்" என்று சிலர் சொல்வார்கள். வாஸ்தவம்தான், ஆனால் பாதி வாஸ்தவம். மீதிப் பாதியை உப்பளத்தில் போய்க் கேளுங்கள்.

உப்பளத் தொழிலாளியைவிடத் தண்ணீர் தேக்கும் வித்தை அறிந்தவர் யார்? பாத்தியை மிதித்து மிதித்துத் தரையை இறுக்கி, சிமெண்ட் இல்லாமல் டைல்ஸ் இல்லாமல், ஒரு சொட்டு இறங்காமல் நிறுத்துகிறவர் அவர். பாத்தியிலிருந்து பாத்திக்குத் தண்ணீரை நகர்த்தி, வெயிலையும் காற்றையும் கொண்டு அதைச் சுண்ட வைத்து உப்பாக்குகிறார். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடி உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதிலும் பெரும்பகுதி இந்த ஜில்லாவில். எந்த வெயில் கடல் நீரைக் குடித்து உப்பை விட்டுவைக்கிறதோ, அதே வெயில் கொல்லைக் குளத்தையும் குடிக்கும். கோடையில் ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டர் குறைந்தாலும் 140 லிட்டர் போயிற்று. ஒருவரும் இறங்கிக் குளிக்காமலே இரண்டரை ஆளின் தண்ணீரைச் சூரியன் எடுத்துக்கொள்கிறது. மேலே தார்ப்பாய் போர்த்தினால் வெகுவாகக் குறையும். போர்த்தினால் அழகு கெட்டுவிடுமே!

அளத்து வேலை முடிந்து வெளியே வரும் பெண்ணின் கால்களைப் பார்த்திருக்கிறீர்களா? வெடிப்பில் உப்பு ஏறி வெளுத்திருக்கும். கண்கள் அந்த வெள்ளை வெளிச்சத்தில் சிவந்திருக்கும். அவளுக்கு அந்த நேரத்தில் வேண்டியது ஒரு வாளி நல்ல தண்ணீர். நாள் முழுதும் தண்ணீரில் நின்றவள் கால் கழுவத் தண்ணீர் தேடி நடக்கிறாள். அளத்தருகே குளியலறையும் நல்ல தண்ணீரும் வேண்டும் என்ற கோரிக்கையை எத்தனை தடவை எழுதியிருப்போம்!

பெரிய திருட்டும் சின்னத் திருட்டும்

இங்கே ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, ஊர்த் தண்ணீர்ப் பஞ்சத்துக்கெல்லாம் கொல்லைக் குளம்தான் காரணம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அப்படி எண்ணினால் பெரிய ஆட்களுக்கு ரொம்பச் சந்தோஷம்.

தாமிரபரணியின் கடைசித் தடுப்பு ஸ்ரீவைகுண்டம் அணை. அங்கிருந்து ஒரு நாளைக்கு 2 கோடி காலன், அதாவது சுமார் 9 கோடி லிட்டர் எடுக்கும் திட்டம் பல்லாண்டு காலம் தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்காக ஓடியது. கடைமடை விவசாயி வாய்க்காலைப் பார்த்து நிற்க, குழாய் நிறையத் தண்ணீர் போயிற்று. நம் கணக்கில் அது ஒரு நாளைக்கு 2,100 கொல்லைக் குளங்கள்! 2018-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த அணைத் தண்ணீரைத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. அதற்கும் வழக்கு நடத்த வேண்டியிருந்தது. அதே ஆற்றிலிருந்து கங்கைகொண்டானில் குளிர்பானக் கம்பெனிகளுக்கு 1,000 லிட்டர் 37 ரூபாய் 50 காசுக்குக் கொடுத்த கதை 2017-இல் ஊரறிய வெளிவந்தது. அந்த விலைக்குக் கிடைத்தால் நம் கொத்தனார் கட்டிய குளத்தை 1,600 ரூபாய்க்குள் நிரப்பிவிடலாம். குடத்துக்காரிக்கு 14,000, கம்பெனிக்கு 1,600!

அப்படியானால் கொல்லைக் குளத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும்? அளவுக்காக அல்ல, அதைச் சுற்றி எழும்பும் மதில் சுவருக்காக.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லையில் குளம் என்னும் பழக்கம் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் அங்கேதான் பெருகியது. அதற்கு முன் நகரசபைகள் பெரிய பெரிய பொதுக் குளங்கள் கட்டியிருந்தன. கறுப்பு மக்களும் அதில் இறங்கலாம் என்று நீதிமன்றங்கள் சொல்லத் தொடங்கியதும் என்ன நடந்தது? சேர்ந்து குளிப்பதைவிட மூடிவிடுவதே மேல் என்று பல ஊர்களில் மூடினார்கள். அலபாமா மாகாணத்து மாண்ட்கோமரி நகரில் 1959-இல் பூங்காக்களையெல்லாம் மூடினார்கள். நீச்சல் குளத்தை மண் போட்டுத் தூர்த்தார்கள். 1964 ஜூன் 18-ஆம் தேதி புளோரிடாவில் செயிண்ட் அகஸ்டின் ஊரில், ஒரு விடுதிக் குளத்தில் கறுப்பரும் வெள்ளையருமாகச் சேர்ந்து குதித்துப் போராடியபோது விடுதிக்காரர் அந்தத் தண்ணீரில் திராவகத்தை ஊற்றினார்! போட்டோ உலகமெங்கும் வந்தது. பொதுக் குளம் வற்றிய இடங்களில் வசதியுள்ளவர்கள் தம் தம் கொல்லையிலும் கிளப்பிலும் குளம் வெட்டிக்கொண்டார்கள். நம் பம்பாயிலும் பிரீச் காண்டிக் குளத்தில் சுதந்திரம் வந்து பல ஆண்டுகள் ஆகியும் இந்தியனுக்கு இடமில்லை.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் 2018-இல் குழாயே வற்றிப்போகும் நிலைக்கு வந்தது. பிறகு ஆராய்ந்தவர்கள் 2023-இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். நகர ஜனத்தொகையில் சுமார் 14 சதவிகிதமாக இருக்கும் வசதி படைத்தவர்கள் பாதிக்கும் மேற்பட்ட தண்ணீரைச் செலவழிக்கிறார்கள். 62 சதவிகிதமாக இருக்கும் ஏழைகளுக்குக் கிடைப்பது சுமார் 27 சதவிகிதம். தோட்டமும் நீச்சல் குளமும் அந்தப் பாதியில் அடக்கம். குழாய் வற்றினால் தனிக் கிணறு தோண்டிக்கொள்ள முடிகிறவனுக்குப் பொதுக் குழாயைப் பற்றி என்ன கவலை? மதிலுக்குள் தண்ணீர் இருக்கும் வரை மதிலுக்கு வெளியே என்ன நடந்தாலும் அவனுக்குக் காது கேட்காது.

குளம் என்றால் ஊருடையது

நம் தெற்குச் சீமையில் குளம் என்ற சொல்லுக்கு அர்த்தமே வேறு. வயலுக்குப் பாய்வது, மாடு குளிப்பாட்டுவது, மீன் பிடிப்பது, பிள்ளைகள் நீந்தக் கற்பது எல்லாம் குளத்தில்தான். ஒருவனுடைய குளம் என்று சொன்னால் நம் பாட்டிமார் சிரிப்பார்கள். ஆனால் பழைய காலத்தை வெள்ளையடிக்கவும் நாம் தயாரில்லை. ஊர்க்குளம் என்றார்கள், ஊர் என்றால் எந்தத் தெரு? தலித் மக்கள் இறங்கும் துறை தனி. சில இடங்களில் துறையே கிடையாது. 1927-இல் மகாடில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு போய்ச் சவுதார் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தது ஒரு பெரும் போராட்டமாக வேண்டியிருந்தது. அந்த மதிலை இன்னும் முழுக்க இடித்து முடிக்கவில்லை. அதற்குள் புது மதில் எழும்புகிறது.

குளங்களின் இன்றைய கதியையும் பார்த்தோம். ஆண்டுக்கு 650 மில்லிமீட்டர் அளவே மழை பெய்யும் ஜில்லாவில், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. தூத்துக்குடித் தெருக்களில் படகு விட்டார்கள். கொல்லைக் குளமும் குடிசையும் ஒரே தண்ணீருக்குள் நின்றன. வாரம் திரும்புமுன் அதே தெருக்களில் குடிக்கத் தண்ணீர் இல்லை. கரையைப் பலப்படுத்தி, வண்டலை எடுத்து, மடையைச் சரிசெய்திருந்தால் அந்தத் தண்ணீரில் கொஞ்சமாவது கோடைக்கு நின்றிருக்குமே!

"சரி, கூலிக்காரனுக்கு நீச்சல் எதற்கு? முதலில் குடிக்கத் தண்ணீர் கேளுங்கள்" என்று ஒரு நண்பர் நம்மிடம் சொன்னார். நம் ஆட்களிலேயே பலர் இப்படி நினைக்கிறார்கள். நாம் இதை ஒப்பவில்லை.

இந்தக் கடற்கரையில் நீச்சல் பணக்காரன் கொண்டுவந்த வித்தையா? கயிற்றில் கட்டிய கல்லில் கால் ஊன்றி ஐந்து பாகம், எட்டுப் பாகம் ஆழத்துக்கு இறங்கி, ஒரு நிமிஷம் மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கிய முத்துக்குளிகாரன் எந்தக் கிளப்பில் கற்றான்? எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. சுறாவுக்குப் பயந்து இறங்கியவனுக்கு ஒரு பங்கு. 1955-இல் தொடங்கிய கடைசி முத்துக்குளிப்பு வரிசை 1961-ஓடு முடிந்தது. சங்கு எடுக்க இறங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் வயிற்றுக்காக நீந்தியவர்கள். ஆறடிக் குளத்தில் நீந்துகிறவர் வயிற்றைக் குறைக்க நீந்துகிறார். இருவர் மீதும் நமக்குக் கோபமில்லை. ஆனால் ஒருவருக்கு மட்டும் நீச்சல் சுகம், மற்றவருக்கு எப்போதும் பிழைப்பு என்று எழுதி வைத்தது யார்?

1908-இல் இதே ஊரில் கோரல் மில் தொழிலாளிகள், வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்நிற்க, வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? ஞாயிற்றுக்கிழமை லீவும் கேட்டார்கள், வாங்கினார்கள். அன்றும் எவனாவது, "கூலிக்காரனுக்கு ஓய்வு எதற்கு, முதலில் சோற்றைக் கேள்" என்று சொல்லியிருப்பான். ஓய்வு கேட்டவனுக்கு அந்த ஓய்வைக் கழிக்க இடமும் கேட்க உரிமை உண்டு.

மாஸ்கோவில் 1960-இல் நகரின் நடுவே வட்டமான ஒரு பொதுக் குளம் திறந்தார்கள். குறுக்களவு 130 மீட்டர் அளவு. வெளியே பனி கொட்ட, வெந்நீரில் ஆணும் பெண்ணும் நீந்தினார்கள். இதை நம் மேடைகளில் பெருமையாகச் சொன்ன காலம் உண்டு. ஆனால் அந்த இடத்தில் முன்பு ஒரு பெரிய தேவாலயம் இருந்தது, அதை 1931-இல் இடித்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவோம். பனிமய மாதா கோவில் மணி கேட்டு வளர்ந்த நம் மீனவத் தோழர்களிடம் அதை மறைப்பது சரியல்ல. ஜனங்களின் மனத்தில் உள்ளதை இடித்துக் கட்டியது நிலைக்கவில்லை. 1990-களில் குளத்தை மூடி மறுபடி தேவாலயம் எழுப்பினார்கள். பொதுக் குளம் வேண்டும் என்பது சரி. அதை எங்கே, யாரைக் கேட்டு வெட்டுகிறோம் என்பதும் விஷயம்தான்.

நமக்கு அத்தனை பெரிது வேண்டாம். இருக்கிற குளங்களில், படித்துறையும் ஆழம் காட்டும் கல்லும் வைத்து, எல்லாத் தெருப் பிள்ளைகளும் இறங்கும்படி ஒரு துறை போதும். சாயங்காலம் நீச்சல் சொல்லிக் கொடுக்கச் சம்பளத்துக்கு ஓர் ஆள். கடலோரத்தில் அதற்கு ஆள் பஞ்சமா? பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் வேண்டுமானால் ஒதுக்கட்டும். தனியார் குளம் கட்ட அனுமதி கேட்கிறவர், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஆழ்குழாயிலிருந்தா, லாரியிலிருந்தா, எவ்வளவு என்று எழுதிக் கொடுக்கட்டும், மீட்டர் வைக்கட்டும். இந்த யோசனைகளை நகரசபை வார்டுகளிலும் கிராம சபைகளிலும் எழுப்புமாறு தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கிராம சபைக்குப் போகும்போது நல வாரிய விண்ணப்பங்களையும் கையோடு கொண்டு போங்கள்.

நம் கொத்தனார் தோழர் போன வாரம் மறுபடி வந்தார். குளம் முடிந்துவிட்டதாம். முட்டுப் பலகை இல்லாமல் இறங்க மாட்டோம் என்று ஐந்து பேரும் கரையில் உட்கார்ந்துவிட்டார்களாம். அரை நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு பலகை வந்ததாம். கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் முறையையும் விளக்கினார். குளத்தை நிரப்பிச் சுவரில் ஒரு கோடு. ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பிக் குளத்துப் படியிலேயே வைத்து அதிலும் ஒரு கோடு. மறுநாள் இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தால் வெயில் குடித்தது. குளம் மட்டும் அதிகம் குறைந்திருந்தால் கசிவு.

"இரண்டும் ஒரே அளவுதான் இறங்கியிருந்தது, தோழர். ஒரு நூல் வித்தியாசமில்லை" என்றார். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை. பிறகு குரலைத் தாழ்த்தினார். ஐந்து பேருக்கும் பத்து நாள் கூலி பாக்கியாம். வரும் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

சனிக்கிழமை அவரோடு நாமும் போகிறோம்.